பி.காம்.னா வாசலோட நிறுத்திடுவீங்களா?

சயின்டிபிக் கம்ப்யூட்டேஷன் முதுகலைப் படிப்புக்கு ஒரு பல்கலைக்கழக அறிவிப்பு பார்த்தேன். சமன்பாடுகளைக் கணினியில் எண்களாகப் போட்டுத் தீர்க்கிற படிப்பு. கணிதம், இயற்பியல், பொறியியல் படிச்சவங்க வரலாம். பி.காம். கூடாது. "உனக்கெதுக்குடா இது, சி.ஏ. பண்ணு"ன்னு நண்பன் சிரிச்சான்.

ஒரு கதை கேளுங்க. 1982 ஜனவரியில் கனடாவின் வான்கூவர் பங்குச்சந்தை, 1000 புள்ளியில் ஒரு குறியீட்டெண்ணைத் தொடங்கியது. பங்கு கைமாறும்போதெல்லாம் கணினி அதைத் திரும்பக் கணக்கிட்டது. ஆனா மூணு தசமத்துக்கு மேல இருந்ததை முழுமையாக்காம, அப்படியே வெட்டிப் போட்டது. 1983 நவம்பரில் குறியீடு கிட்டத்தட்ட பாதி. சந்தை சரியவே இல்லைங்க! திருத்திக் கணக்குப் போட்டதும் 1098.

இந்தப் படிப்போட முதல் பாடமே இந்த வெட்டுப் பிழைதான். ட்ரையல் பேலன்ஸில் ஒரு ரூபாய் இடிச்சா விடிய விடியத் தேடுற எங்களுக்கா இது புரியாது?

நேரியல் இயற்கணிதமும் வகைக்கெழுச் சமன்பாடும் எங்களுக்குப் போதாது, ஒத்துக்கறேன். நுழைவுத்தேர்வு வைங்க. ஆறு மாசம் அடிப்படைக் கணிதம் படிச்சுட்டு வரச் சொல்லுங்க. தோத்தா பேசாம திரும்பிப் போறோம். பட்டத்தோட பேரை மட்டும் பார்த்துக் கதவைச் சாத்துறது எந்தக் கணக்கு?

நீங்களே சொல்லுங்க!