பேஸ் கிதார்காரனும் மனுஷன்தாங்க

ராஜா பாட்டுல பேஸ் எப்படிப் போகுது பாருன்னு விடிய விடிய பேசுறோம். அதுல பலதை வாசிச்ச சசிதரன் பேரு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சரி, விடுங்க. நம்ம வீட்டு ரிசப்ஷனுக்கு மெல்லிசைக் குழு பேசுறப்ப, ரேட்டைக் குறைக்கச் சொன்னா முதல்ல கழட்டி விடுறது பேஸ் வாசிக்கிறவனைத்தான். "கீபோர்டுல இடது கையால சமாளிச்சுக்கலாம் சார்!" (வார நாள்ல மென்பொருள், சனி ஞாயிறு பேஸ்னு திரியறவனோட வயித்தெரிச்சல்னே வச்சுக்குங்க.)

கூப்பிட்டாலும் என்ன மரியாதை? டிஐ பாக்ஸ் இருக்காது. ஒயரை நேரா மிக்சர் லைன் இன்புட்ல சொருகிடுவாங்க. பேசிவ் பிக்கப்போட இம்பீடன்ஸுக்கு அது ஒத்தே வராது. சத்தம் மழுங்கிடும், நீள ஒயர்ல இரைச்சல் வேற. மேடையில ஆம்ப் கிடையாது. தடிச்ச ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ். பாடகருக்கு வச்ச குட்டி மானிட்டர்ல அது எங்கேர்ந்து கேட்கும்? விரல் போற போக்குல வாசிக்க வேண்டியதுதான். நடுவுல மாப்பிள்ளை வீட்டுலேர்ந்து "பேஸ் ஏத்துப்பா!"ன்னு ஒரு குரல். சவுண்டுக்காரர் சப்-ஊஃபரை ஏத்துவார், கிக் டிரம் நெஞ்சுல இடிக்கும். அதுக்குப் பேரு பேஸாம்!

இதுல "நல்ல கிதாரா வாங்கு தம்பி"ன்னு அட்வைஸ். மோட்டவுன்ல ஜேம்ஸ் ஜேமர்சன் 1962 ஃபெண்டர் பிரிசிஷனை வச்சுக்கிட்டு, தந்தியைக்கூட லேசுல மாத்தாம வாசிச்சுத் தள்ளினார். அவருக்கும் ஆம்ப் இல்லாம நேர் லைன்தான். ஆனா அங்க அதுக்குன்னே செஞ்ச டிஐ இருந்துச்சு, இன்ஜினியருக்குக் காதும் இருந்துச்சு.

அடுத்த தடவை குழு பேசுறப்ப, சாப்பாட்டு மெனுவுக்கு நடுவுல ஒரு வார்த்தை கேட்டு வைங்க: பேஸுக்கு ஆள் வர்றாரா?