பரிசோதனை நாளுக்கும் பேர் வேண்டும்



கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் சாபமல்ல. நடத்தைக்குக் கிடைத்த தண்டனையுமல்ல. எச்.பி.வி. என்ற வைரஸே அதற்குக் காரணம். இந்த உண்மையைக் கண்டறிந்த ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆண், பெண் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது தொற்றும் இந்த வைரஸ் அநேகமாகத் தானே மறைந்துவிடும். மறையாமல் உடலில் தங்கினால்தான் ஆபத்து. பத்து நோயாளரில் ஏழு பேருக்கு 16, 18 என்ற இரு வகைகளே காரணம்.

கலங்கள் கட்டுமீறிப் பெருகாமல் காப்பவை பி53, ஆர்பி என்ற புரதங்கள். வைரஸின் இ6, இ7 புரதங்கள் இந்தக் காவலர்களை முடக்குகின்றன. அப்போது கலத்தில் பி16 என்ற புரதம் மிகுகிறது. ஆய்வுகூடத்துக்கு அதுவே அடையாளம்.

தொற்று புற்றாக மாறப் பல ஆண்டுகள் செல்லும். அதற்குள் தடுத்துவிடலாம். 35, 45 வயதுப் பெண்களுக்குச் சுகவனிதையர் கிளினிக்கில் பரிசோதனை இலவசம். தரம் 6 மாணவியருக்கு 2017 முதல் பாடசாலையில் தடுப்பூசி போடப்படுகிறது.

ஆனால் கிளினிக்குக்குப் போனால் தோட்டத்தில் அன்றைய பேர் விழாது. திருகோணமலைத் துறைமுகப் பக்கம் நாட்கூலிக்குப் போகும் எம் பெண்களுக்கும் இதே கதிதான். இலவசப் பரிசோதனைக்கு ஒரு நாள் சம்பளத்தை விலையாகக் கொடுக்க வேண்டுமா?

பரிசோதனை நாளுக்கு முழுப் பேர் போட வேண்டும். இதை அடுத்த பேச்சுவார்த்தையில் கோரிக்கையாக வைப்போம். பெற்றோரே, மகளின் தடுப்பூசிப் படிவத்தில் தயங்காமல் கையொப்பமிடுங்கள்.