புயலுக்கு ஒரு வக்காலத்து

தீவிர வானிலை பற்றிய ஆய்வுகளெல்லாம் வெறும் பூச்சாண்டி, வீண்செலவு என்று சென்ற இதழில் தீர்ப்பெழுதியிருக்கும் நண்பர், 1964-இல் தனுஷ்கோடி அழிந்ததைத் தாமே தோண்டியெடுத்த கல்வெட்டுபோல நீட்டி, அப்போது எந்தப் பருவநிலை மாறியது என்று மடக்குகிறார். பள்ளிக்கூடப் பட்டிமன்றத்தில் கைதட்டல் விழும். ஆனால், முன்பெல்லாம் புயலே அடித்ததில்லை என்று எந்த ஆய்வாளர் சொன்னார்? காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைச் சுமக்கும், ஆகவே கொட்டுகிறபோது கூடுதலாகக் கொட்ட வாய்ப்புண்டு என்பதுதான் அவர்கள் வாதம். அதை மறுக்க இயற்பியலோடு மல்லுக்கு நிற்கவேண்டும். அதற்கு நண்பர் வரமாட்டார்.

நாலு தூறல் விழுந்தாலும் விஞ்ஞானிகள் பழியைப் புவி வெப்பத்தின் தலையில் கட்டிவிடுகிறார்களாம். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியதே, அந்த மழையை ஆராய்ந்த பருவநிலை ஆய்வாளர் வான் ஓல்டன்போர்க் குழுவினர் 2016-இல் என்ன சொன்னார்கள்? வெப்பமாதலின் தடயம் இதில் தென்படவில்லை என்றார்கள். பூச்சாண்டி காட்டிப் பிழைப்பவன், வாசலுக்கு வந்த பேயை இப்படியா திருப்பியனுப்புவான்?

வேடிக்கை இனிமேல்தான். புயல் மழையில் புதிதாக ஒன்றுமில்லை என்று தொடங்கிய அதே கட்டுரை, சென்னை வெள்ளத்துக்கு வந்ததும் குரலை மாற்றி, வரலாறு காணாத சீற்றம், யாரையும் குறைசொல்லலாகாது என்று கைகூப்புகிறது. பழகியதா, காணாததா? ஆய்வுக்கு நிதி கேட்டால் பழகியது. பொறுப்புக் கேட்டால் காணாதது. இயற்கையைக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டால் அங்கே யாரை ஏற்றவேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை அந்த வெள்ளத்தை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றது. வெள்ளத்தை வாங்கிக்கொள்ள வேண்டிய சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு, தன் பழைய பரப்பில் பெரும்பகுதியைக் குப்பைமேட்டுக்கும் கட்டடங்களுக்கும் பறிகொடுத்துவிட்டுத்தான் 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் ஏறியது. இந்த வக்காலத்து யார் சார்பில் என்று வாசகருக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

கடைசியாக ஒரு தத்துவம்: இயற்கை தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளுமாம். நகரத்து மாடியில் தொட்டிச்செடி வளர்ப்பவருக்கு இப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் கடந்த பேராவூரணி, பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்புகளில் அவர் ஒரு நடை நடந்திருக்கவேண்டும். விழுந்த மரம் விழுந்ததோடு முடிவதில்லை. அப்புறப்படுத்தக் கையிலிருந்து கூலி போகும். அதற்கு வழியில்லாமல் விட்டால், மட்கும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, தப்பி நிற்கும் மரத்தின் குருத்தைக் குடையும். அந்தத் துளைவழியே கூன்வண்டும் உள்ளே போகும். புயல் ஓரிரவில் போய்விட்டது, வண்டு போகவில்லை. வானிலை, பூச்சி, விவசாயியின் கடன் மூன்றையும் ஒரே கயிற்றில் கோத்துப் பார்ப்பதற்குத்தான் ஆய்வு என்று பெயர். இதையா ஐயா வீண்செலவு என்கிறீர்கள்?

ஆற்றிக்கொள்ளத்தான் செய்கிறது. 2019-இல் நட்ட நெட்டைத் தென்னம்பிள்ளை பாளை விட ஆறேழு வருஷம் பிடிக்கும். அதுவரை வட்டி வளரும்.