ஓலை வாசிக்கும் முன் ஒரு கேள்வி

ஒருபாலினத் திருமணம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம் பங்குகளில் ஒரே பதில்தான் கேட்கிறது: "இது மேல்நாட்டுச் சரக்கு, பெருநகரத்துப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு, நம் ஊருக்கும் நம் சபைக்கும் இதில் என்ன வேலை?" 2023-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசும் ஏறக்குறைய இதையேதான் சொல்லிற்று. ஒருபாலினத் திருமணக் கோரிக்கை நகர்ப்புற மேட்டுக்குடியினரின் கருத்து என்று அது வாதிட்டது. அவ்வாதத்தைக் கேட்டு நம்மவரில் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர். அந்த நிம்மதி பொய்யானது என்பதே நம் கட்சி.

வைகையின் வடகரையில், தறிச் சத்தம் இன்னும் முற்றிலும் ஓய்ந்துவிடாத செல்லூரிலிருந்து இதை எழுதுகிறோம். மேட்டுக்குடியினரின் ஊர் அல்ல இது. ஆனால் இந்திய நாட்டில் இவ்வழக்கின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் மதுரையைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது.

மதுரை சொல்லும் சாட்சி

தூத்துக்குடியில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் 2018 அக்டோபரில் கோயிலில் மணம் முடித்தனர். அத்திருமணத்தைப் பதிவு செய்யப் பதிவுத்துறை மறுத்தது. வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தது. 2019 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்தில் உள்ள 'மணமகள்' என்னும் சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் என்று தீர்ப்பளித்தார்.

அடுத்து, மதுரையைச் சேர்ந்த இரு இளம்பெண்கள் தங்கள் உறவைப் பெற்றோர் எதிர்த்ததால் சென்னைக்குச் சென்று அடைக்கலம் புகுந்தனர். பெற்றோர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தனர். பாதுகாப்புக் கேட்டு அப்பெண்கள் உயர் நீதிமன்றத்தை நாடினர். அவ்வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளில் தமக்குப் போதிய தெளிவு இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் தாமே அமர்ந்து கேட்டறிந்தார். பின்னர் 2021 ஜூன் 7 அன்று, காவல்துறை இத்தகையோரைத் துன்புறுத்தக் கூடாது என்றும், தன்பாலீர்ப்பை மருத்துவத்தால் 'மாற்றிவிடும்' முயற்சிகள் தடைசெய்யப்பட வேண்டும் என்றும் ஆணையிட்டார். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் உடைய ஒருவர், முதலில் மாணவராக அமர்ந்தார். நம்மில் எத்தனை பேருக்கு அந்தத் தாழ்ச்சி உண்டு?

இந்துத் திருமணச் சட்டத்தின் கீழ் ஒருபாலினத் திருமணங்களை ஏற்க வேண்டும் என்று 2020-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்த நால்வருள் ஒருவர், 'சிருஷ்டி மதுரை' அமைப்பை நிறுவிய மதுரைக்காரரான கோபி சங்கர். ஆக, இது தில்லிக்காரர் பிரச்சினை என்று நாம் கை கழுவ வழியில்லை. கை கழுவியவனின் பெயரை விசுவாச அறிக்கையில் ஞாயிறுதோறும் சொல்லி வருகிறோம். அது நமக்கு எச்சரிக்கையாகவே இருக்கட்டும்.

நாம் எதை விசுவசிக்கிறோம்?

நம் நிலை குறித்து ஐயத்துக்கு இடம் வைக்க விரும்பவில்லை. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வாழ்நாள் முழுமைக்கும் ஒருவரையொருவர் கையளிக்கும் உடன்படிக்கையே திருமணம் என்னும் திருவருட்சாதனம். இதனைத் திருச்சபை மாற்றவில்லை. மாற்றும் அதிகாரம் தனக்கு இருப்பதாகவும் அது சொல்லவில்லை. 2016-இல் வெளிவந்த 'அமோரிஸ் லெத்தீசியா' மடலில் திருத்தந்தை பிரான்சிஸ், ஒருபாலின இணைவைக் கடவுளின் திட்டத்திலுள்ள திருமணத்தோடு ஒப்புமைப்படுத்த முடியாது என்றே எழுதினார். ஒருபாலின இணையருக்கு எளிய ஆசீர் வழங்க இடமளித்த 2023 டிசம்பர் 18-ஆம் நாள் அறிக்கையும், அந்த ஆசீர் திருமணச் சடங்காகத் தோன்றிவிடக் கூடாது என்று வரம்பு கட்டியது.

இவ்வளவும் உண்மை. ஆனால் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதே பொருளைப் பேசுமிடத்தில், தன்பாலீர்ப்புடையோரை மதிப்புடனும் பரிவுடனும் ஏற்க வேண்டும் என்றும், அவர்களுக்கு எதிரான நியாயமற்ற பாகுபாட்டின் சாயல்கூட இருக்கலாகாது என்றும் கற்பிக்கிறதே, அது எந்தக் கோவிலில் மறையுரையாக ஒலித்தது? ஒரே பக்கத்தில் அச்சான இரு போதனைகளில் ஒன்றை மட்டும் உரக்கப் படித்து மற்றதை விழுங்கிவிடுவது, விசுவாசத்தைக் காப்பது ஆகாது. நமக்கு வசதியானதைப் பொறுக்கி எடுப்பதற்கு அதுதான் பெயர்.

அரசின் திருமணமும் ஆலயத்தின் திருமணமும்

2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். திருமணம் செய்துகொள்ளும் உரிமை அரசியலமைப்பு வழங்கும் அடிப்படை உரிமை அன்று என்பதிலும், 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தை நீதிமன்றம் திருத்தி எழுத இயலாது என்பதிலும் ஐவரும் ஒன்றுபட்டனர். திருமணம் என்ற பெயரில்லாமல் குடிமை இணைவாகவேனும் அவர்கள் உறவை அரசு ஏற்க வேண்டுமா என்ற கேள்வியில் பிரிந்தனர். ஏற்க வேண்டும் என்றோர் இருவர். அது சட்டமன்றங்களின் வேலை என்றோர் மூவர். மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின.

இத்தீர்ப்பைத் திருச்சபையின் வெற்றி என்று கொண்டாடியோர் ஒன்றைக் கவனிக்கவில்லை. மத அடிப்படையிலான திருமணச் சட்டங்களுக்குள் போகமாட்டோம் என்று நீதிபதிகள் விசாரணையின் தொடக்கத்திலேயே கூறிவிட்டனர். பங்குத்தந்தை எவரையும் பீடத்தின் முன் நிறுத்தி மணமுடிக்கக் கட்டாயப்படுத்தும் பேச்சே அங்கு எழவில்லை. பேச்சு முழுவதும் மதம் சாராத பதிவுத் திருமணம் பற்றியது.

அரசின் திருமணமும் நம் திருவருட்சாதனமும் வேறு வேறு என்பது நமக்குப் புதிய செய்தியா? கிறிஸ்தவர்கள் பரஸ்பர சம்மதத்துடன் மணமுறிவு பெற 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சட்டம் இடமளிக்கிறது. திருச்சபை மணமுறிவை ஏற்பதில்லை. மறைமாவட்டத் தீர்ப்பாயம் ஒரு திருமணம் செல்லாது என்று அறிவித்தாலும், நாட்டின் நீதிமன்றம் அதைக் கணக்கில் கொள்வதில்லை. 1996-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. இந்த இரட்டை ஏற்பாட்டில்தான் இத்தனை ஆண்டுகள் வாழ்கிறோம். மணமுறிவுச் சட்டம் வந்ததால் நம் திருமணங்கள் மாசுபட்டன என்று எவரும் ஊர்வலம் போகவில்லை.

நம் தமிழகமே இன்னொரு பாடத்தையும் தருகிறது. 1928-இல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. புரோகிதரும் சடங்கும் இல்லாத அத்திருமணங்களைச் சட்டம் நாற்பது ஆண்டுக்காலம் ஏற்கவில்லை. கணவனும் மனைவியுமாய் வாழ்ந்து முதிர்ந்தோர் சட்டத்தின் கண்ணுக்குக் கணவனும் மனைவியுமாய்த் தெரியவில்லை. அண்ணா முதலமைச்சரான 1967-இல் நிறைவேறிய திருத்தமே அந்த அநீதியைத் துடைத்தது. அதனால் மீனாட்சியம்மன் கோயிலில் தாலி கட்டுவது நின்றுவிட்டதா? ஒருவரது உறவுக்குச் சட்டம் நிழல் கொடுப்பதால் மற்றவரது வழிபாடு வெயிலில் வாடுவதில்லை.

எதிர்வாதத்துக்கு விடை

ஆயினும், கற்றறிந்த நண்பர்கள் ஒரு வலுவான ஏட்டை நம் முன் வைப்பார்கள். 2003-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், கர்தினால் ராட்சிங்கரின் கையொப்பத்தோடு வெளியிட்ட அறிக்கை அது. ஒருபாலின இணைவுகளுக்குச் சட்ட ஏற்பு வழங்குவதைக் கத்தோலிக்கர் எதிர்க்க வேண்டும் என்று அது கூறுகிறது. இதை மறைக்க மாட்டோம். ஆனால் அதே அறிக்கை, இத்தகையோர் மற்றக் குடிமக்களைப் போலவே பொதுச் சட்டத்தின் வழியாகத் தங்கள் உரிமைகளைக் காத்துக்கொள்ளலாம் என்றும் ஒப்புக்கொள்கிறது. பின்னாளில் திருத்தந்தை பிரான்சிஸ், 2020-இல் வெளியான 'பிரான்செஸ்கோ' ஆவணப்படத்தில், அவர்களுக்குச் சட்டப் பாதுகாப்புத் தரும் குடிமை ஏற்பாடு வேண்டும் என்று பேசினார். 2023 ஜனவரியில், தன்பாலீர்ப்பு குற்றமன்று என்றும், அதைத் தண்டிக்கும் சட்டங்கள் அநீதியானவை என்றும் கூறினார்.

2023 நவம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தமிழக அரசுக்கு ஒரு யோசனை சொன்னார். சேர்ந்து வாழும் இருவர் தங்களுக்குள் 'குடும்ப இணைவு ஒப்பந்தம்' எழுதிப் பதிவு செய்யலாம்; அதைக் கொண்டு தொல்லைகளிலிருந்து பாதுகாப்புப் பெறலாம் என்பது அதன் சாரம். இது திருமணமன்று. திருமணம் என்று பெயர் சூடவுமில்லை. 2003-ஆம் ஆண்டு அறிக்கையையே கெட்டியாகப் பிடித்து நிற்பவரும், இந்த ஒப்பந்தத்தை எதிர்க்க எந்த வரியைக் காட்டுவார்? மருத்துவமனையில் உடனிருக்கவும், குடும்ப அட்டையில் பெயர் சேர்க்கவும், வங்கிக் கணக்கில் வாரிசுதாரராக நியமிக்கவும், இறந்தவரின் உடலைப் பெற்று அடக்கம் செய்யவும் கேட்பவரிடம் 'கூடாது' என்று சொல்ல எந்த மறையுண்மை நம்மைக் கட்டாயப்படுத்துகிறது? மத்திய அரசே 2024-இல் குடும்ப அட்டை, கூட்டு வங்கிக் கணக்கு, உடலைப் பெறுதல் ஆகியவை குறித்து அறிவுரைகள் அனுப்பிவிட்டது. இறந்தோரை அடக்கம் செய்தலை இரக்கச் செயல்களில் ஒன்றாக எண்ணும் நாம் அரசைவிடக் கடின நெஞ்சராய் இருப்பது அழகா?

மற்றோர் அச்சம் நியாயமானது. சட்ட ஏற்பு வந்தபின் சில நாடுகளில் கத்தோலிக்க நிறுவனங்கள் நெருக்கடிக்கு உள்ளாயின. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கத்தோலிக்க அறநிலையம் 2006-இல் தத்தெடுப்புப் பணியையே நிறுத்த நேர்ந்தது. பிலடெல்பியா நகரில் இத்தகைய வழக்கு 2021-இல் கத்தோலிக்க நிறுவனத்துக்குச் சாதகமாக முடிந்தது. எனவே மனச்சான்றுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று கேட்போம், உரக்கவே கேட்போம். ஆனால் நம் மனச்சான்றைக் காப்பதற்கு மற்றவர் உரிமையை மறுப்பது வழியன்று. பெரும்பான்மையின் மரபே சட்டமாக வேண்டும் என்று இன்று கைதட்டினால், நாளை அதே கோல் நம் முதுகில் இறங்கும். 2002-இல் தமிழகத்தில் மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது, மனச்சான்றின் வாசலில் அரசு காவல் நிற்கலாகாது என்று நாம்தானே தெருவில் இறங்கினோம்? 2004-இல் அது திரும்பப் பெறப்பட்டபோது நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுத்தவர்கள், அந்த நியாயத்தை நமக்கு மட்டும் என்று எழுதி வைத்துக்கொள்ள முடியாது.

உண்மையான காயம்

திருமணத்தின் புனிதம் குலைகிறது என்று கவலைப்படுவோர் தில்லியை நோக்க வேண்டியதில்லை; நம் பங்கின் திருமணப் பதிவேட்டைப் புரட்டினால் போதும். மணமக்கள் தேவை என்று விளம்பரம் கொடுக்கும்போது 'ஆர்.சி.' என்ற எழுத்துகளுக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரையும் சேர்க்கிறோம். திருச்சபைச் சட்டம் அடுக்கும் திருமணத் தடைகளில் சாதி என்று ஒன்று இல்லை. இல்லாத தடையை நாம் எழுப்பினோம். அதைப் புனிதக் குலைவு என்று எவரும் சொல்வதில்லை.

அதைவிட ஆழமான காயம் ஒன்று உண்டு. மணமக்களின் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது. அந்தச் சம்மதத்தை எந்த மனித சக்தியும் ஈடு செய்ய முடியாது என்பது திருச்சபைச் சட்டத்தின் 1057-ஆம் எண். வற்புறுத்தலாலோ கடும் அச்சத்தாலோ செய்யப்பட்ட திருமணம் செல்லாது என்பது 1103-ஆம் எண். பாவு இல்லாத தறியில் எத்தனை முறை நாடாவை ஓட்டினாலும் துணி விழாது என்பது செல்லூர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் தன் மகன் அல்லது மகள் தன்பாலீர்ப்புடையவர் என்று அறிந்த பெற்றோர் முதலில் செய்வது என்ன? அவசர அவசரமாக வரன் பார்க்கிறார்கள். 'கலியாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்' என்கிறார்கள். அழுகையும் பட்டினியும் தற்கொலை மிரட்டலும் கருவிகளாகின்றன. மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கப்படுகிறது. உண்மை தெரிந்தவர்கள் வாயைத் திறப்பதில்லை. ஒன்றுமறியாத இன்னொரு வீட்டுப் பிள்ளை பீடத்தின் முன் வந்து நிற்கிறது. ஒருவருக்குப் பதில் இருவரின் வாழ்வு அன்று உடைகிறது. இதைவிடத் திருவருட்சாதனத்துக்கு இழிவு செய்ய எந்தச் சட்டத்தால் முடியும்?

2025 மே 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்த்த வேலூர் மாவட்ட வழக்கில், இருபத்தைந்து வயதுப் பெண் ஒருவர் தம் தோழியிடமிருந்து பிரிக்கப்பட்டு வீட்டில் அடைக்கப்பட்டிருந்தார். தம்மை அடித்ததாகவும், 'இயல்பாக' மாற்றுவதற்கென்று சடங்குகள் செய்ததாகவும் நீதிபதிகளிடம் கூறினார். அவரை விடுவித்த நீதிபதிகள், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியன்று என்றனர். அந்தச் சடங்குகளை மூடநம்பிக்கை என்று நாம் எளிதில் சொல்லிவிடலாம். ஆனால் பிள்ளையின் விருப்பத்துக்கு மாறாக, தலையில் கை வைத்துப் பேய் விரட்டும் செபமாக அது நடந்தால் மட்டும் பெயர் மாறிவிடுமா?

செய்ய வேண்டியவை

ஆகவே நம் பங்குகளுக்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். திருமணத் தயாரிப்பின்போது மணமக்கள் ஒவ்வொருவரிடமும், பெற்றோர் அருகில் இல்லாத தனியிடத்தில், 'இது உன் சுதந்திரமான விருப்பமா?' என்ற கேள்வி உண்மையாகவே கேட்கப்படட்டும். 'இல்லை' என்ற பதில் வந்தால் ஓலை வாசிப்பு நிற்கட்டும். எந்தப் பிள்ளையையும் 'குணமாக்க' எந்தச் செபக்கூட்டத்துக்கும் வலிந்து அழைத்துச் செல்லலாகாது என்று அன்பியங்களில் வெளிப்படையாகச் சொல்லப்படட்டும். உயிருக்கு அஞ்சி ஓடிவரும் பிள்ளைக்குக் காவல் நிலையத்துக்கு முன்பாகப் பங்கு இல்லத்தின் கதவு திறக்கட்டும்.

இவற்றில் எதுவும் திருமணம் பற்றிய நம் விசுவாசத்தில் ஓர் எழுத்தையும் அழிக்கவில்லை. அந்த விசுவாசத்தை நாம் மெய்யாகவே கொண்டிருக்கிறோமா என்பதைத்தான் சோதிக்கின்றன. சம்மதம் இல்லாத இடத்தில் திருமணம் இல்லை என்று கற்பிக்கும் சபை, சம்மதிக்காத பிள்ளையின் பக்கம் நிற்க வேண்டும். அங்கே நிற்காதவர் நீதிமன்ற வாசலில் நின்று திருமணத்தைக் காப்பதாகக் கூறினால், அதை நம்ப நாம் ஆயத்தமாக இல்லை.