எது கெட்டது என்று காட்டச் சொல்லுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மதர்போர்டு போய்விட்டது என்று சர்வீஸ் செய்பவர் சொல்கிறார். மாற்றிவிடலாமா?" பதிலுக்கு நானும் ஒரு கேள்விதான் கேட்பேன். "மதர்போர்டுதான் கெட்டது என்று அவர் எதை வைத்துச் சொல்கிறார்?" பெரும்பாலும் இதற்குப் பதில் இருக்காது.

இப்படிக் கேட்க எனக்குக் கற்றுக் கொடுத்தது கம்ப்யூட்டர் அல்ல, ஒரு பழைய கேஸ் ஓவன். கம்ப்யூட்டர் இதழில் அடுப்புக்கு என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். பழுதைக் கண்டுபிடிக்கும் வழி இரண்டுக்கும் ஒன்றுதான்.

வேலை நிமித்தமாகச் சில காலம் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் இருந்தேன். வாடகை வீட்டின் சமையலறையில் 1950களில் தயாரான கேஸ் அடுப்பு இருந்தது. மேலே நான்கு பர்னர்கள், கீழே கதவு வைத்த ஓவன். கேக், ரொட்டி எல்லாம் அந்த ஓவனில்தான் வேகும். அதில் சிப் கிடையாது. மின்சார பிளக் கூடக் கிடையாது. ஆனாலும் அதற்குள் அருமையான ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இருந்தது.

ஓவனுக்குள் 'பைலட்' எனப்படும் சிறிய சுடர் எப்போதும் எரிந்து கொண்டிருக்கும். பர்னரைப் பற்ற வைப்பது அதுதான். அது அணைந்துவிட்டால் எரியாத கேஸ் வீட்டில் நிறைந்து ஆபத்தாகிவிடும். இதைத் தடுக்கத்தான் தெர்மோகப்பிள் இருக்கிறது. இரண்டு வெவ்வேறு உலோகங்களை இணைத்து, இணைப்பைச் சூடாக்கினால் மிகச் சிறிய மின்னழுத்தம் உண்டாகும். 1821ல் சீபெக் என்ற விஞ்ஞானி கண்டறிந்த விளைவு இது. பைலட் சுடரில் இருக்கும் தெர்மோகப்பிள் சுமார் 30 மில்லிவோல்ட் தரும். டார்ச் லைட் செல் ஒன்றின் 1.5 வோல்ட்டில் இது ஐம்பதில் ஒரு பங்கு. இந்தச் சிறு மின்சாரம் ஒரு காந்தத்தை இயக்கி, கேஸ் வால்வைத் திறந்தபடி பிடித்து வைக்கிறது. சுடர் அணைந்தால் முனை குளிரும், காந்தம் பிடியை விடும், ஸ்பிரிங் வால்வை மூடிவிடும்.

எங்கள் ஓவனில் வந்த கோளாறு இதுதான்: பட்டனை அழுத்திப் பற்ற வைத்தால் பைலட் எரியும், கையை எடுத்தால் அணைந்துவிடும். வீட்டு உரிமையாளர் அனுப்பிய மெக்கானிக் இரண்டு நிமிடம் பார்த்தார். "வால்வு போய்விட்டது. இதற்கெல்லாம் இப்போது பாகம் கிடைக்காது. புதிதாக வாங்கிவிடுங்கள்" என்றார். எதையும் அவர் சோதித்துப் பார்க்கவில்லை.

அடுத்து வந்தவர் பழைய அடுப்புகளில் பழகியவர். முதலில், சுடர் தெர்மோகப்பிள் முனையை நன்றாகச் சூழ்ந்து எரிகிறதா என்று பார்த்தார். பைலட் துளையில் கரி அடைத்தால் சுடர் சிறுத்துவிடும். இங்கே சுடர் சரியாகவே இருந்தது. அடுத்து, வால்வில் சேரும் இணைப்பைத் துடைத்து இறுக்கினார். மில்லிவோல்ட் கணக்கில் வரும் மின்சாரத்தைத் தடுக்கக் கொஞ்சம் அழுக்கே போதும். அப்போதும் பயனில்லை. மூன்றாவதாக மல்டிமீட்டரை வைத்தார். முனை நன்றாகச் சூடான பிறகும் ஐந்து மில்லிவோல்ட்டுக்கு மேல் ஏறவில்லை. தெர்மோகப்பிள் தேய்ந்துவிட்டது. வால்வின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. மாற்றிய தெர்மோகப்பிளின் விலை இருபது டாலர் கூட இல்லை.

அவர் போன வரிசையைக் கவனியுங்கள். செலவில்லாத சோதனை முதலில், விலை உயர்ந்த பாகம் கடைசியில். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே. கம்ப்யூட்டர் திரை கருப்பாக இருந்தால் நீங்களும் இப்படியே செய்யுங்கள். பவர் கேபிள், மானிட்டர் கேபிள், பிறகு ரேம். மின் இணைப்பை எடுத்துவிட்டு ரேமைக் கழற்றித் துடைத்துப் பொருத்தினாலே பல கம்ப்யூட்டர்கள் உயிர் பெறும். விண்டோஸ் அடிக்கடி நின்று போனால் உடனே பார்மட் செய்யாதீர்கள். ஈவென்ட் வியூவரைத் திறந்து, அது என்ன பதிந்து வைத்திருக்கிறது என்று பாருங்கள்.

"பழசைக் கட்டிக் கொண்டு ஏன் அழ வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எப்போதும் எரியும் பைலட் கேஸை வீணாக்கும். 2012 ஏப்ரலுக்குப் பின் அமெரிக்காவில் தயாராகும் வீட்டு அடுப்புகளில் அதற்கு அனுமதி இல்லை. அந்தக் கால ஓவன்களின் உள்சுவரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கவும் வாய்ப்புண்டு. எனவே புதியது வாங்குவது சரியான முடிவாகவே இருக்கலாம். ஆனால் கோளாறு எது என்று தெரிந்த பிறகு எடுக்கும் முடிவாக அது இருக்க வேண்டும். கண்டுபிடிக்கத் தெரியாததை மறைக்கச் சொல்லும் யோசனையாக இருக்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். காரணத்தைத் தெரிந்து கொள்வது வேறு, எல்லாவற்றையும் நாமே கழற்றுவது வேறு. கேஸ் குழாய், வால்வு வேலைகளைப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள். கேஸ் வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே போய், அங்கிருந்து போன் செய்யுங்கள். அதே போல கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கை எடுத்த பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

அடுத்த முறை சர்வீஸ் செய்பவர் ஒரு பாகத்தை மாற்றச் சொன்னால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என்ன சோதித்தீர்கள்? அதில் என்ன தெரிந்தது? மாற்றியபின் கோளாறு தீர்ந்ததை எனக்கு எப்படிக் காட்டுவீர்கள்? கழற்றிய பாகத்தையும் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். வேலை தெரிந்தவர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார், மகிழ்ச்சியோடு விளக்குவார். கோபப்படுகிறவரிடம் உங்கள் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு வராதீர்கள்.