பழம் விடத் தெரிந்த குழந்தைகள்

ஆஸ்டின் டவுன் சந்துகளில் தமிழ் பேசும் வீட்டுக் குழந்தை தோழியோடு காய் விடுவது தமிழில். சற்று நேரத்தில் பழம் விடுவதும் தமிழில். சினத்துக்கும் சமாதானத்துக்கும் ஆளுக்கொரு சொல் வைத்திருக்கும் இந்த ஏற்பாட்டை எந்தப் பாடத்திட்டமும் வகுத்துத் தரவில்லை. ‘விளையாட்டுவழிக் கல்வி’ என்று விளம்பரம் செய்துவிட்டு ஆங்கிலத்தை மட்டுமே அனுமதிக்கும் மழலையர் பள்ளியில் அக்குழந்தையைச் சேர்த்தால் மணல் கிடைக்கும், மரக்கட்டைகள் கிடைக்கும், பேச்சு போய்விடும். பேச்சு போன பின் எஞ்சுவது விளையாட்டன்று, பொருள்களைக் கையாளும் பயிற்சி.

இது மொழிப்பற்றின் புலம்பல் அன்று. அம்மாவாக நடிக்கும் குழந்தை மனம்போனபடி நடப்பதில்லை, அம்மாவுக்குரிய விதிக்குத் தன்னை உட்படுத்துகிறது என்று வைகாட்ஸ்கி 1933இல் ஆற்றிய உரையில் விளக்கினார். தன்னடக்கம் அங்கேதான் பழகுகிறது. அந்த விதியோ எங்கும் எழுதிவைக்கப்பட்டதன்று. “நீதான் டாக்டர், பாப்பாவுக்குக் காய்ச்சல்” என்று பேரம் பேசி உருவாவது. அந்தப் பேரத்துக்கு வேண்டிய மொழி மூன்று வயதில் வீட்டிலிருந்துதான் வந்திருக்கிறது. ஆட்டத்தில் தோற்க வைக்காமல் சின்னஞ்சிறு பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும் ‘ஒப்புக்குச் சப்பாணி’ முறையும் இப்படிப் பேசி வந்ததே. (அச்சொல்லில் ஊனத்தை இகழும் கறை உண்டு, சொல் மாறட்டும், முறை இருக்கட்டும்.)

பெற்றோர் ஆங்கிலம் கேட்கிறார்களே என்பார்கள். கேட்பதில் தவறில்லை; அது எங்கே சோறு போடும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் மிரண்டு மௌனமாகும் குழந்தையை ‘ஒழுங்கான பிள்ளை’ என்று சான்றளித்து அவர்களிடம் கட்டணம் வாங்குவதைக் கல்வி என்று அழைக்க இயலாது. கன்னடத்துக்கும் இதில் இழப்பில்லை. பக்கத்து வீட்டுக் கன்னடக் குழந்தையோடு ஓடிப்பிடித்து விளையாடும்போதுதான் கன்னடம் விரைவாக ஒட்டிக்கொள்கிறது.

தேசியக் கலைத்திட்டச் சட்டகம் 2022இலேயே இப்பருவத்துக்கு விளையாட்டையும் வீட்டுமொழியையும் சேர்த்தே வலியுறுத்தியது. 2024இல் கர்நாடக அரசு பெங்களூரு அங்கன்வாடிகளில் ‘அரசு மாண்டிசோரி’ வகுப்புகளைத் தொடங்கியது, வரவேற்கத்தக்கதே. 1907இல் மரியா மாண்டிசோரி தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்ததும் ரோமின் சான் லொரென்சோ என்னும் உழைப்பாளர் குடியிருப்பில்தான். ஆனால் அந்தப் பெயரையும் மரச்சாமான்களையும் மட்டும் இறக்குமதி செய்தால் போதாது. ஆஸ்டின் டவுன் போன்ற பகுதிகளில் தமிழும் உருதும் தெலுங்கும் அறிந்த பணியாளர்களை அமர்த்த வேண்டும். அதற்கு முன், சேர்க்கைப் படிவத்தில் ‘வீட்டில் பேசும் மொழி’ என்று ஒரு வரி இருக்க வேண்டும். அதை நிரப்பியபின் யாரேனும் படிக்கவும் வேண்டும்.