வராத தோழனுக்கு ஓரிடம்

சென்ற தைப்பொங்கல் விடுமுறையில் எமது விடுதிச்சாலையின் பழைய மாணவர் சிலர் ஒன்றுகூடினர். 2016ஆம் ஆண்டில் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றிப் பிரிந்து சென்றவர்கள் அவர்கள். இன்று இருபதுகளின் பிற்பகுதியில் நிற்பவர்கள். அவர்களுட் பலர், போர் ஓய்ந்த பின்னர், 2010ஆம் ஆண்டளவில், வன்னியிலிருந்தும் தீவகத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் ஒரு பெட்டியும் பாயுமாக வந்து சேர்ந்த சிறுவர்கள். அக்காலத்தில் விடுதிப் பொறுப்பாசிரியனாக இருந்தமையால் என்னையும் அழைத்திருந்தனர். யானும் மகிழ்ந்து சென்றேன்.

மண்டப வாயிலில் ஒரு பதிவுப் புத்தகம் இருந்தது. பெயர், விடுதியில் வாழ்ந்த ஆண்டுகள், தொழில், வசிக்கும் நாடு என அதில் நான்கு நிரல்கள். வந்த இளைஞர் ஒவ்வொருவரும் தம் பெயரை எழுதுமுன், தமக்கு மேலே எழுதியவரின் மூன்றாம் நிரலை ஒருமுறை நோக்கினர். அதனை யான் கண்டேன், அப்போது பொருட்படுத்தவில்லை.

உள்ளே உரையாடலும் அந்நிரலின் வழியே சென்றது. ஒருவர் வைத்தியர். ஒருவர் கொழும்பில் மென்பொருள் நிறுவனமொன்றிற் பணிபுரிபவர். வேறொருவர் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிற் கடன்பட்டுக் கனடா சென்றவர். அங்கே நள்ளிரவாகியும் உறங்காதிருந்து, கைத்தொலைபேசித் திரையில் முகங்காட்டி அனைவரையும் நலம் வினவினார். சம்பளம், விசா, காணி, கலியாணம் என்று பேச்சு நீண்டது. இவற்றைப் பேசுதல் குற்றமன்று. வாழ்வுக்கு அடித்தளம் இடும் வயதினர் அடித்தளத்தைப் பற்றிப் பேசாது வேறெதனைப் பேசுவர்?

நண்பகலில் வெளியே வந்தேன். படலைக்கு அப்பால் ஒரு முச்சக்கரவண்டி நின்றது. அதன் சாரதி அதே வகுப்பினன். கிளிநொச்சியிலிருந்து பயணியொருவரை ஏற்றிவந்து இறக்கியவன், ஒன்றுகூடல் நடப்பதை அறிந்து அங்கே வந்து நின்றிருக்கிறான்.

“ஏன் தம்பி வெளியிலை நிக்கிறாய்? உள்ளுக்கு வாவன்” என்றேன்.

“இல்லை ஐயா. வந்தா, இப்ப என்ன செய்யிறாய் எண்டு கேப்பாங்கள். உங்களை ஒருக்காப் பாத்திட்டுப் போவம் எண்டுதான் நிண்டனான்.”

என் கைகளைப் பற்றினான், உடல்நலம் கேட்டான், புறப்பட்டு விட்டான். யான் உள்ளே சென்று செய்தியைச் சொன்னதும் மண்டபம் அடங்கிற்று. இருவர் படலைக்கு ஓடினர். வண்டி போய்விட்டது. அவனுடைய தொலைபேசி இலக்கம் யாரிடம் உண்டு என்று ஒருவர் கேட்டார். அங்கிருந்த எவரிடமும் இல்லை. கைபற்றி நின்று பேசிய யானும் அதனைக் கேட்டு வைக்கவில்லை.

அவன் யார் என்பதை வாசகர் அறிதல் வேண்டும். விடுமுறை கழிந்து வரும்போதெல்லாம் அவனுடைய தாயார் ஒரு பை நிறையப் புழுக்கொடியல் கொடுத்துவிடுவார். மறுநாள் விடியுமுன் அப்பை வெறுமையாகிவிடும். எவனும் அவனைக் கேட்டு எடுத்ததில்லை. அவனும் எவனையும் ஏனென்று கேட்டதில்லை. எவனுக்காவது காய்ச்சல் கண்டால், சமையற்கட்டிற்குச் சென்று மல்லித்தண்ணீர் அவித்து வந்து பக்கத்தில் அமர்ந்திருப்பவன் அவனே.

திருக்குறளில் நட்புப் பற்றிய அதிகாரங்களிடையே ‘பழைமை’ என்பது 81ஆம் அதிகாரமாக அமைந்துள்ளது. பழகிய நண்பர் உரிமையாற் செய்வதனைச் சிறிதும் சிதைக்காது ஏற்றுக்கொள்வதே பழைமை என்று அங்கே வள்ளுவர் தொடங்குகின்றார். கேளாது எடுத்த புழுக்கொடியல் அவ்வுரிமையின் பாற்பட்டது. ‘என்ன செய்கிறாய்?’ என்னும் வினாவோ அறியாதவரை அறிதற்குக் கேட்பது. கேளாது எடுத்து உண்டவர்கள் இன்று இவ்வினாவோடு எதிரே நிற்பார்களென்று அவன் அஞ்சினான். அவனுடைய அச்சம் பொய்யென்று சொல்ல என்னால் இயலவில்லை. பதிவுப் புத்தகம் வாயிலிலேயே இருந்தது.

அப்புத்தகத்தை வைத்த இளைஞரை மட்டும் குறைகூறி யான் தப்பிவிடல் முறையாகாது. தவணைதோறும் மாலைப் பிரார்த்தனையின் பின், மாணவர் பெற்ற புள்ளிகளை முதலாமவன் தொடக்கம் இறுதியானவன் வரை உரத்து வாசித்தவன் யானே. அது ஊக்கந் தரும் என்று நம்பினேன். அவன் பெயர் பெரும்பாலும் முடிவிலேயே வந்தது. மல்லித்தண்ணீர் அவித்ததற்கு என் பட்டியலிற் புள்ளி இருக்கவில்லை. வரிசைப்படுத்துதலை அவர்களுக்குக் கற்பித்த ஆசிரியர்களுள் யானும் ஒருவன்.

ஒப்புநோக்குதலே முயற்சிக்குத் தூண்டுகோல் என்பாருமுளர். அவர்க்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். சிறுப்பிட்டியிற் பிறந்து வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகத் தேறினார். அப்போது அவருக்கு வயது 25. அன்று ஒரு பதிவுப் புத்தகம் இருந்திருப்பின் அவர் பெயருக்கு நேரே அப்பட்டமே பொலிந்திருக்கும். ஆயின், தமிழுலகம் அவரைப் போற்றுவது ஏட்டுச் சுவடிகளைத் தேடிப் பதிப்பித்த தொண்டிற்காகவே. கலித்தொகை அவர் பதிப்பாக வெளிவந்தது 1887ஆம் ஆண்டில். அப்போது அவர் ஐம்பதைத் தாண்டியிருந்தார். முதல்வராய் நின்றவர்க்கே இருபத்தைந்தாம் வயதின் கணக்கு முழுக்கணக்காகவில்லை. பின்னின்றவனுக்கு அதனை முடிந்த கணக்காக எழுதிவைத்தல் எவ்வாறு பொருந்தும்?

வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன், தான் நேரிற் கண்டறியாத பிசிராந்தையாருக்கும் தன்னருகே ஓரிடம் வைக்கச் சொன்னான். அவர் வாரார் என்றனர் அருகிருந்தோர். வருவார் என்றான் அரசன். அவ்வாறே அவரும் வந்தார். காணாத நண்பனுக்கு இடம் வைத்த கதையை யாம் வகுப்பறையில் ஆண்டுதோறும் கற்பிக்கின்றோம். ஏழாண்டு ஒரே கூரையின்கீழ்ப் பாய் விரித்துப் படுத்தவனுக்கோ படலைக்கு உள்ளே இடமில்லாது போயிற்று.

ஆதலின் பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒன்றுகூடல் நடத்தும் இளைஞர்க்கும் யான் கூறுவன சில. பதிவுப் புத்தகத்தில் தொழில் என்னும் நிரலை நீக்கிவிடுக. அவ்விடத்தில், ‘உமது பாய்க்குப் பக்கத்துப் பாய் யாருடையது?’ என்று கேட்டு எழுதுவிக்க. வந்தவர் தொகையை எண்ணுமுன் வராதவர் பெயர்களை எண்ணுக. அவர்களுக்கு அச்சிட்ட அழைப்பிதழ் மட்டும் போதாது. ஒருவர் நேரிற் சென்று அழைத்தல் வேண்டும். ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன்: புள்ளிகளை மாணவனுக்குத் தனியே சொல்லுங்கள், வரிசையாக வாசியாதீர்கள். யான் அதனை நிறுத்திவிட்டேன். காலந்தாழ்ந்தே நிறுத்தினேன்.

எமது இளைஞர் அடுத்த ஒன்றுகூடலைச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் வைத்துள்ளனர். அதற்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளிநொச்சிக்குச் செல்வதென யானும் அவர்களுள் மூவரும் முடிவு செய்திருக்கின்றோம். முச்சக்கரவண்டித் தரிப்பிடங்கள் சிலவே. விசாரித்தால் அவனைக் கண்டுகொள்ளலாம்.